யென் மின் முதல் மேயோ வாக் வரை: கண்ணாடியைப் பார்த்து ஓட்டும் ஒரு நாள்

வியட்நாமின் வடகோடியில், சீன எல்லையை ஒட்டிய சுண்ணாம்புக்கல் மலைகளுக்குள் சுற்றிவருகிறது ஹா ஜாங் பாதை. மூன்று நாளில் முடிப்பவர்களும் உண்டு, நான்கு நாள் எடுப்பவர்களும் உண்டு. எப்படிப் பிரித்தாலும் இரண்டாம் நாள்தான் பெரிய நாள். காலையில் யென் மின்னில் கிளம்பி, டோங் வானில் மதியச் சாப்பாடு, பிறகு மா பி லெங் கணவாய், பொழுது சாய்வதற்குள் மேயோ வாக். மொத்தம் 75 கிலோமீட்டர் சுமாருக்குத்தான் வரும். இரண்டு மணி நேர வேலை என்று தோன்றும். எட்டுப் பத்து வண்டிகள் சேர்ந்து போனால் ஒரு பகல் முழுக்க இதற்கே சரியாக இருக்கும். அதற்குக் குறைவாகத் திட்டமிட்டால் மாலையில் எல்லாரும் அவசரப்படுவார்கள், அவசரப்படக் கூடாத சாலை அது.

பழைய குறிப்புகளை வைத்துத் திட்டமிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் ஹா ஜாங் மாகாணம் துயென் குவாங் மாகாணத்தோடு இணைந்துவிட்டது. விடுதி முகவரியில் துயென் குவாங் என்று இருந்தால் வேறு ஊரோ என்று குழம்ப வேண்டாம்.

முதலில் உரிமம், ஏனென்றால் பலரும் இதில்தான் ஏமாந்துபோகிறார்கள். வியட்நாம் 1968 வியன்னா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட சர்வதேச ஓட்டுநர் உரிமத்தைத்தான் ஏற்கிறது. இந்தியாவில் வாங்கும் சர்வதேச உரிமம் 1949 ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் வருவது. அட்டை பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், அங்கே செல்லாது. வண்டியை வாடகைக்குக் கொடுப்பவர் இதையெல்லாம் கேட்கவே மாட்டார். சாலையில் நிறுத்தும் போலீஸ் கேட்பார், அதைவிட முக்கியமாக, கீழே விழுந்து எலும்பு முறிந்தால் காப்பீட்டு நிறுவனம் கேட்கும். செல்லாத உரிமத்தோடு ஓட்டியவருக்கு மருத்துவச் செலவைக் கொடுக்க மறுக்க அதற்கு அந்த ஒரு காரணம் போதும். 50 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு உரிமம் கட்டாயம், அந்த மலையில் 50 சிசி வண்டியால் ஏற முடியாது. ஆகவே செல்லுபடியாகும் உரிமம் இல்லாதவர் உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து வருவதே சரி. அங்கே அதை ‘ஈஸி ரைடர்’ என்கிறார்கள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கணவாயில் பள்ளத்தாக்கை முழுதாகப் பார்ப்பவர் பின்னால் உட்கார்ந்தவர்தான். பாதி பேர் ஓட்டி, பாதி பேர் பின்னால் உட்கார்ந்து வரும் கலப்புக் குழுக்களும் அங்கே உண்டு. வெளிநாட்டவருக்கான எல்லைப் பகுதி அனுமதித் தாளை விடுதியிலோ ஏற்பாட்டாளரிடமோ முதல் நாளே வாங்கி, போனில் ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி காலை. ஏழரைக்கு எல்லாரும் வண்டிப் பக்கத்தில் நிற்க வேண்டும். எட்டு மணிக்குக் கிளம்புவதாக இருந்தால் இந்த அரை மணி நேரம் கூடுதல் அல்ல, பயணத்தின் பகுதி.

அங்கே அதிகம் கிடைப்பது ஹோண்டா எக்ஸ்ஆர்150எல். காற்றில் குளிரும் எஞ்சின், ஐந்து கியர், 12 லிட்டர் டேங்க், கம்பி வைத்த சக்கரம், ட்யூப் டயர். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக். இந்தப் பின் டிரம்மைக் குனிந்து பார்க்காமல் கிளம்பாதீர்கள். பெடலிலிருந்து பின்னால் ஓடும் கம்பி டிரம்மின் சிறிய கையில் (நெம்புகோலில்) போய் முடியும். அந்த முனையில் ஒரு நட்டு இருக்கும். பெடலை விரலால் அழுத்தினால் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் சும்மா இறங்கி, அப்புறம் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் இறங்கினால் நட்டை இறுக்கலாம். ஆனால் இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. பெடலை முழுக்க மிதித்தபடி, டிரம்மின் கையோடு நகரும் அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று இன்னொருவர் பார்க்க வேண்டும். டிரம்மின் உடம்பில் பொறித்திருக்கும் எல்லைக் குறியை அம்பு தொட்டுவிட்டால் உள்ளே உராய்ந்து பிடிக்கும் பிரேக் ஷூ தேய்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் நட்டை எவ்வளவு இறுக்கினாலும் பெடல் மட்டும் சரியாக இருப்பதுபோல் தோன்றும், மலை இறக்கத்தில் கை கொடுக்காது. வாடகை வண்டிகளில் இது நடக்கும், ஏனென்றால் நட்டை இறுக்குவது ஒரு நிமிட வேலை, ஷூ மாற்றச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அம்பு எல்லையில் நின்றால் வேறு வண்டி கேளுங்கள். தயவுசெய்து சங்கடப்படாதீர்கள்.

செயின் தளர்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பின்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கையில் (ஸ்விங் ஆர்ம்) எழுதி ஒட்டியிருக்கும். பெரும்பாலும் மூன்று சென்டிமீட்டரைச் சுற்றி. பின்னால் ஆளோ மூட்டையோ ஏறினால் செயின் இறுகும் என்பதால் ரொம்ப விறைப்பாக வைக்க வேண்டாம். மற்றபடி விளக்கு, ஹாரன், இரண்டு கண்ணாடி. மூட்டை கட்டும் ரப்பர் கயிற்றின் நுனி தொங்காமல் சுருட்டிக் கட்டுங்கள். அது பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் நின்றுவிடும்.

பஞ்சருக்கு ஒரு விஷயம். வழிநெடுக ஊர்களில் பழைய டயரைத் தொங்கவிட்டு ‘சுவா ஸெ’ (வண்டி பழுது பார்த்தல்) என்று எழுதிய கடைகள் இருக்கும், வேகமாகவும் நன்றாகவும் வேலை செய்வார்கள். ஆனால் உள்ளூரில் ஓடும் ஹோண்டா வேவ் போன்ற வண்டிகளின் சக்கரம் 17 அங்குலம். கடையில் இருக்கும் ட்யூபும் அதுதான். எக்ஸ்ஆர் வண்டியின் பின்சக்கரம் 17, முன்சக்கரம் 19. அந்த 19 அங்குல ட்யூப் மலையூர்க் கடையில் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது. குழுவுக்கு ஒன்றாவது கையில் இருக்கட்டும், அது கடைசி வண்டியில் இருக்கட்டும். முன்னால் போகிற வண்டியில் இருந்தால் பஞ்சரானவர் அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

கிளம்பும் முன் இன்னொன்று. முந்தின இரவு விடுதியில் சோளச் சாராயம் பரிமாறியிருப்பார்கள். சிறு கிண்ணத்தில் சுற்றிவரும், எத்தனை குடித்தோம் என்ற கணக்கே இருக்காது. 2020 ஜனவரி 1 முதல் வியட்நாமில் வண்டி ஓட்டுபவர் மூச்சில் மது துளியும் இருக்கக் கூடாது. கொஞ்சம் பரவாயில்லை என்ற வரம்பே சட்டத்தில் இல்லை. நள்ளிரவு வரை குடித்தவரின் மூச்சில் காலை எட்டு மணிக்கும் இருக்கலாம். மறுநாள் ஓட்டுபவர்கள் இரண்டாம் நாளுக்கு முந்தின இரவு கிண்ணத்தைத் தொடாமல் இருப்பதே வழி. நெஞ்சில் கை வைத்து, தலையசைத்து மறுத்தால் யாரும் வருந்துவதில்லை.

இப்போது வரிசை. குழுப் பயணத்தில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை திறமைக் குறைவால் வருபவை அல்ல, இடைவெளியால் வருபவை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து வண்டிகள். கொண்டை ஊசி வளைவு ஒன்றிலிருந்து வெளிவரும்போது ஒவ்வொருவரும் முன்னவரைவிட மூன்று விநாடி தாமதமாக வேகம் பிடிக்கிறார்கள். பத்தாவது வண்டிக்கு அது 27 விநாடி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 27 விநாடி என்றால் 300 மீட்டர். ஒரே ஒரு வளைவில் இவ்வளவு. அடுத்தடுத்து வளைவுகள் வரும்போது கடைசி ஆள் முன்னவரைப் பிடிக்க 40 போக வேண்டிய இடத்தில் 55 போவார். குழுவிலேயே அனுபவம் குறைந்தவரைக் கடைசியில் விட்டால், அவரைத்தான் மற்ற எல்லாரையும்விட வேகமாக ஓட வைக்கிறோம். அநேக விழுகைகள் இப்படித்தான் நடக்கின்றன.

அதனால் மெதுவாக ஓட்டுபவர் முன்னால் வர வேண்டும். முதல் வண்டியான லீட், அவருக்குப் பின் நிதானமான ஒருவர், அவருக்குப் பின் மெதுவானவர். கடைசியில் வரும் ஸ்வீப் குழுவிலேயே கைதேர்ந்தவராக, பழுது பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். முதலுதவிப் பையும் அவரிடமே. லீட் வளைவை விட்டு வெளிவந்ததும் முறுக்கக் கூடாது. கண்ணாடியில் மெதுவானவர் தெரிகிற வரை அதே வேகம். எட்டு வண்டிக்கு மேல் இருந்தால் குழுவை இரண்டாகப் பிரித்துப் பத்து நிமிட இடைவெளியில் அனுப்புவது நல்லது. நண்பர்கள் பிரிய மனமில்லாமல் முகம் சுளிப்பார்கள். டோங் வானில் சாப்பிடும்போது எல்லாரும் ஒரே மேசையில்தான் உட்காரப்போகிறார்கள்.

நேரான, அகலமான சாலையில் ஊடுபுள்ளி வைத்த கோலம்போல மாறிமாறி ஓட்டலாம்: ஒருவர் தன் தடத்தின் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம், நேர் முன்னால் இருப்பவருக்கு இரண்டு விநாடி இடைவெளி. 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 22 மீட்டர். வளைவு தொடங்கியதும் கோலத்தைக் கலைத்து ஒற்றை வரிசை. யென் மின்னைத் தாண்டிய பிறகு நேர்சாலை என்பதே அபூர்வம், ஆகவே நாளின் பெரும்பகுதி ஒற்றை வரிசைதான்.

வியட்நாமில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். இடப்பக்கம் பழகியவர்கள் ஊர் நெரிசலில் தவறுவதில்லை, மற்ற வண்டிகள் வழிகாட்டிவிடும். தவறுவது காலிச் சாலையில், அதுவும் படம் எடுக்க நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பும் முதல் நூறு மீட்டரில். லீட் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்பும்போது வலக்கையை உயர்த்தி ‘வலது’ என்று காட்டுவதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம். இதைவிட நுட்பமான மாற்றம் வளைவில் இருக்கிறது. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில், வலது வளைவில் சாயும்போதுதான் தலை நடுக்கோட்டை நோக்கிப் போகும். இங்கே அது இடது வளைவில். டயர் கோட்டுக்கு உள்ளேயே இருக்கும், ஆனால் சாய்ந்த தலையும் தோளும் எதிர்த்தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே வரும் லாரி கொண்டை ஊசியில் திரும்ப இரண்டு தடத்தையும் எடுத்துக்கொள்ளும், அதைக் குறை சொல்ல முடியாது, அதன் நீளம் அப்படி. இடது வளைவில் தடத்தின் நடுவுக்கும் வெளியே, வலப்பக்கம் தள்ளியே இருங்கள். மறைவான வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள். அங்கே ஹாரன் என்பது கோபம் இல்லை, ‘நான் வருகிறேன்’ என்ற தகவல்.

யென் மின்னிலிருந்து 4சி நெடுஞ்சாலை ஏறத் தொடங்கியதும் வருவது தாம் மா ஏற்றம். துணி நாடாவைக் கீழே போட்டதுபோல் மடிந்துமடிந்து கிடக்கும் சாலை. ‘தாம் மா’ என்றால் குதிரையைச் சோதிப்பது. சுமை ஏற்றிய குதிரையை இந்தச் சரிவில் விட்டு, தாக்குப்பிடிப்பதை மட்டும் வைத்துக்கொள்வார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. இன்று சோதனை கிளட்சுக்கு. கொண்டை ஊசிக்குள் நுழைவதற்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறங்கிவிடுங்கள். வளைவின் நடுவில் கியர் மாற்றக் கிளட்சைப் பிடித்தால் இழுவை போய் வண்டி உள்பக்கமாகச் சரியும். மெதுவான வேகத்தில் விழுபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறார்கள். மேலே பார்வை இடத்தில் பூக்கூடையோடு குழந்தைகள் படத்துக்கு நிற்பார்கள். மிட்டாயோ பணமோ கொடுக்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். அந்தக் காசுக்காகப் பள்ளி நேரத்தில் சாலையோரம் நிறுத்தப்படும் குழந்தைகள் அதிகமாகிறார்கள்.

சுங் லா பள்ளத்தாக்கைத் தாண்டினால் சா ஃபின். இங்கேயுள்ள வூவோங் குடும்பத்தின் மாளிகை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது, 1993இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அபின் வணிகத்தில் வந்த செல்வம் அது. தூண்களின் கல் அடித்தளம் அபின் காய் வடிவிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மணி நேரம் கொடுங்கள்.

சா ஃபின் பக்கத்தில்தான் லுங் கூ கொடிக்கோபுரத்துக்குப் பாதை பிரிகிறது. 54 இனக்குழுக்களைக் குறித்து 54 சதுர மீட்டர் கொடி பறக்கும் இடம். போய்வந்தால் மதியம் தள்ளிப்போகும், நேரம் இருந்தால் மட்டும் போகலாம். போனாலும் போகாவிட்டாலும் இந்தப் பிரிவில்தான் வரிசை அறுந்துபோகும். இதற்கு உலகமெங்கும் குழு ஓட்டுநர்கள் கையாளும் வழி ஒன்று உண்டு. பிரிவு வந்ததும் லீட் ஒரு இடத்தைக் கையால் சுட்டிக்காட்டிவிட்டு நிற்காமல் போவார். இரண்டாவது வண்டி அந்த இடத்தில் ஓரமாக நிற்கும், திரும்ப வேண்டிய பக்கத்து இண்டிகேட்டர் எரிந்தபடியே இருக்கும். வருகிற ஒவ்வொருவருக்கும் கைகாட்டி அனுப்பும். ஸ்வீப் வந்து முன்விளக்கை மின்னியதும் அவருக்கு முன்னால் வரிசையில் சேர்ந்துகொள்ளும்.

கேட்க எளிது. கெட்டுப்போவது இப்படி: நிற்பவர் திரும்பிய பிறகு உள்ளே போய் நிற்கிறார், பின்னால் வருபவர்களுக்குத் தெரிவதில்லை. அல்லது ஐந்து நிமிடம் யாரும் வராததால், எல்லாரும் போய்விட்டார்கள் போல என்று கிளம்பிவிடுகிறார். பின்னால் ஒருவருக்குப் பஞ்சர், ஸ்வீப் அவரோடு நிற்கிறார், அதனால்தான் தாமதம். ஆகவே விதி ஒன்றே: ஸ்வீப்பைக் கண்ணால் பார்க்கும் வரை நகரக் கூடாது, ஒரு மணி நேரம் ஆனாலும் சரி. இந்த ஒரு நாளில் குழப்பமான பிரிவுகள் மூன்று நான்குதான் இருக்கும் என்பதால், யார் நிற்பது என்பதைக் காலையிலேயே இரண்டு பேருக்குச் சொல்லிவிடலாம். நிறுத்தம் வரும்போதெல்லாம் பழைய வரிசைக்குத் திரும்பினால் மெதுவானவரின் இடம் மாறாது.

இதோடு இன்னொரு வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பின்னவர் தெரியவில்லையா, வேகத்தைக் குறையுங்கள்; அப்போதும் தெரியவில்லையா, பாதுகாப்பான இடத்தில் நில்லுங்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் ஒருவருக்கு மட்டும் பொறுப்பு. நீங்கள் நின்றால் உங்கள் முன்னவர் கண்ணாடியில் நீங்கள் மறைவீர்கள், அவரும் நிற்பார், அப்படியே லீட் வரை போகும். சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் பள்ளத்தாக்கில் போனைவிட இது நம்பகமானது. லாரியை முந்துவதில் மட்டும் யாரும் யாரையும் பின்தொடரக் கூடாது. முன்னவர் முந்தியபோது சாலை காலியாக இருந்தது. உங்கள் முறைக்கு அது இன்னொரு சாலை.

டோங் வானில் சாப்பாட்டுக்கு முன் பெட்ரோல். 2025இல் லிட்டர் 20,000 டாங்கைச் (வியட்நாம் நாணயம்) சுற்றி இருந்தது, கூடக்குறைய. 12 லிட்டர் டேங்குக்கு அன்றைக்கு நிரப்ப அவசியமே இல்லை. ஆனால் சிறிய டேங்க் உள்ள வேவ் வண்டி குழுவில் இருந்தால் எல்லாரும் ஒரே இடத்தில் நிரப்புங்கள். பத்து வண்டி பத்து இடத்தில் நின்றால் பத்து நிறுத்தம்.

டோங் வானிலிருந்து மேயோ வாக் வரை 22 கிலோமீட்டர் சுமார். அதன் நடுவே மா பி லெங். குதிரை மூக்கின் தண்டு என்று பொருள். இந்தச் சாலைக்கு ‘மகிழ்ச்சிச் சாலை’ என்று பெயர். 1959இல் தொடங்கி 1965இல் முடித்தார்கள், ஹா ஜாங் நகரிலிருந்து மேயோ வாக் வரை சுமார் 185 கிலோமீட்டர். பல இனங்களைச் சேர்ந்த இளைஞர்கள் பெரும்பாலும் கையாலேயே உடைத்துப் போட்ட பாதை. மா பி லெங்கின் செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கியபடி, உளியும் சுத்தியலுமாக 11 மாதம் வேலை செய்தார்கள். அவர்களுக்குக் கணவாயில் சிலை இருக்கிறது. அங்கே நின்று கீழே பார்த்தால் து சான் பள்ளத்தாக்கின் அடியில் நோ குவே ஆறு ஒரு பச்சை நூலாக ஓடும். அப்போதுதான் தெரியும், நாம் நிற்கும் ஒவ்வொரு மீட்டரும் ஒருவர் தொங்கிக்கொண்டு செதுக்கியது.

நிற்பதற்கும் ஒரு முறை உண்டு. நினைத்த வளைவில் நிறுத்தாதீர்கள், பார்வை மேடையில் மட்டும். சரிவில் நிறுத்தும்போது வண்டியின் மூக்கு மேடு பார்த்து இருக்க வேண்டும், முதல் கியரில் விட்டு எஞ்சினை அணைக்க வேண்டும். மூக்கு பள்ளம் பார்த்து இருந்தால் வண்டி முன்னால் உருளும், பக்க ஸ்டாண்டு மடங்கும், அடுத்தடுத்து நிற்கும் வண்டிகள் வரிசையாகச் சாயும். கியர் இல்லாத ஸ்கூட்டரை அப்படிப் பிடித்து நிறுத்த முடியாது, அதற்குச் சமதளம் தேடுங்கள்.

படகுக்காக ஆற்றுக்கு இறங்கும் கான்கிரீட் பாதை குறுகலானது, மிகச் செங்குத்தானது. ஸ்கூட்டரில் வருபவர்களை ஓட்டிக்கொண்டு அங்கே இறங்க விடவே கூடாது என்பது என் கருத்து. ஸ்கூட்டரின் கிளட்ச் எஞ்சின் சுழற்சி குறைந்ததும் தானாக விலகிவிடும். விலகியதும் எஞ்சின் பிடி கொஞ்சமும் இல்லை, முழு எடையும் பிரேக்கில். இடைவிடாமல் பிடித்தால் பிரேக் எண்ணெய் கொதித்து, பிரேக் லீவர் பஞ்சுபோல் ஆகி, கைப்பிடி வரை வந்துவிடும். கியர் வண்டியில் முதல் கியரிலேயே இறங்கி, பிரேக்கை அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுப் பயன்படுத்துங்கள். கருகல் வாசனை வந்தாலோ பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனாலோ நின்று கால் மணி நேரம் ஆற விடுங்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கோணிக்கொள்ளும், வெடிப்பும் விடலாம்.

பருவம் பற்றிச் சுருக்கமாக: மே முதல் செப்டம்பர் வரை மழை, மண்சரிவு, வளைவில் திடீர்ச் சேறு. அக்டோபரும் நவம்பரும் பக்வீட் என்ற தானியச் செடி பூக்கும் காலம், கூட்டமும் அதிகம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மூடுபனி. கணவாயில் முன்வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரியும், அப்போது இரண்டு விநாடி இடைவெளி போதாது, நான்காக்குங்கள். கை விறைத்தால் பிரேக் பிடிக்கும் விரல் தாமதிக்கும். தடித்த கையுறைக்கு உள்ளே மெல்லியது ஒன்று போடலாம்.

குளிர்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். நாலரைக்கு மேயோ வாக் சேர்ந்துவிட வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, கணவாயில் எத்தனை நேரம் நிற்கலாம் என்று முடிவெடுங்கள். சேர்ந்ததும் லீட் எஞ்சினை அணைக்காமல் நின்று தலையை எண்ண வேண்டும், ஸ்வீப் தன் பக்கத்தில் எண்ண வேண்டும், இரண்டு எண்ணும் ஒத்துப்போன பிறகுதான் ஹெல்மெட் கழற்றுவது. டிரம் நட்டும் செயினும் அன்று மாலையே ஒருமுறை பாருங்கள், பட்டறை திறந்திருக்கும்போதே.

அன்று சனிக்கிழமையாக இருந்தால் வண்டிகளைச் சந்தைத் தெருவில் விடாமல் விடுதி முற்றத்துக்குள் ஏற்றிவிடுங்கள். ஞாயிறு விடிவதற்கு முன்பே மலையூர்களிலிருந்து மாடும் பன்றியும் சோளமுமாக ஆட்கள் இறங்கத் தொடங்குவார்கள். ஆறு மணிக்குப் பிறகு அந்தத் தெருவில் வண்டியைத் திருப்ப இடம் இருக்காது.